மேகம் அல்ல, ஓதம்

நூலகத்தில் தன் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கம் புரட்டாமலே சரியான இடத்தில் திறந்து, 'மேகம்' என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து மேலே 'ஓதம்' என்று எழுதுகிறார் எங்கள் கீழ்வீட்டுப் பேராசிரியை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை இதுதான். இந்த முறை நூலகர் பார்த்துவிட்டார்.

"புத்தகத்துல எழுதக் கூடாதும்மா."

"நான் எழுதின புத்தகம்தாங்க."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. அழிச்சுட்டு வைங்க."

அவரிடமே ரப்பர் வாங்கி அழித்தார். துணைக்குப் போயிருந்த நான் வேறு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். பழைய துறைமுக அலுவலகத்தின் சுவரில் ஓர் ஓவியம்: கப்பலுக்குக் காத்திருக்கும் பெண்கள். ஒருத்தியின் தலைக்கு மேல் மட்டும் பச்சையும் சாம்பலுமாக ஒரு மேகம். முகத்தில் காட்டாத துயரத்தை ஓவியர் அந்த மேகத்தில் வைத்தார் என்று இவர் இளம் வயதில், தன் முதல் கலை வரலாற்று நூலில் எழுதினார். படித்தவர்கள் சொக்கிப்போனார்கள். மேகம் பாடத்திட்டத்தில் ஏறியது. மாநாடு கண்டது. ஒருவர் அதை வைத்தே பதவி உயர்வு வாங்கினார்.

சில ஆண்டுகள் கழித்து, மாடியில் ஒழுகிய குழாயை மாற்றினார்கள். மேகம் காய்ந்து மறைந்தது. அடுத்த மழைக்கு, ஓவியத்தில் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது. பேராசிரியை போய்த் தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம். சுவரில் ஊறிய வெறும் ஓதம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். பிறகு 'நான் எழுதியது தவறு' என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அதை யாரும் சீந்தவில்லை. கண்டுகொண்ட ஒரே அறிஞரும், 'ஆசிரியர் தம் பழைய கூர்மையை இழந்துவிட்டார்' என்று வருந்தியிருந்தார். மேகம் இடம் மாறியதை ஆராய்ந்து 'நகரும் துயரம்' என்று தனி நூலே வந்தது. சமர்ப்பணம் இவருக்கு.

"மத்தவங்க தப்பு பண்ணா திட்டு விழும். உனக்கு மட்டும் பாராட்டு விழா எடுக்கறாங்கம்மா" என்பாள் மகள்.

விரலில் ஈரம் பட்ட நாளிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். மகளின் புகுந்த வீட்டிலும் தொட்டார். சம்பந்தியம்மா மறுநாளே வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு மாணவியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு இவர் தேர்வாளர். நானும் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஆய்வில் பாதிக்கு மேல் மேகம்.

"அது மேகம் இல்லம்மா, ஓதம்."

"அந்தக் கருத்தை ரெண்டாவது அத்தியாயத்துல மறுத்திருக்கேன் மேடம்."

"யாரோட கருத்தை?"

"உங்களோடதுதான் மேடம். உங்க முதல் புத்தகத்தை வெச்சே மறுத்திருக்கேன்."

துறைத் தலைவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். பேராசிரியை நினைத்திருந்தால் அங்கேயே கணக்கைத் தீர்த்திருக்கலாம். ஆனால் ஆய்வின் கடைசி அத்தியாயம் அவரை விடவில்லை. அந்தப் பெண்களின் முகங்கள் கடலைப் பார்க்கின்றன, பாதங்கள் மட்டும் ஊர்ப்பக்கம் திரும்பியிருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தாள். வேறு யாரும் இதைச் சொன்னதில்லை, இவர் உட்பட.

"வா, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று தேர்வைப் பாதியில் நிறுத்திக் கிளம்பிவிட்டார். துறைத் தலைவரும் வேறு வழியில்லாமல் எங்களோடு வந்தார்.

துறைமுக அலுவலகத்தில் மாணவி, மேகத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தபோது ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க யாருமே தொட்டுப் பாக்கல மேடம். அதான் நீங்க எழுதிட்டீங்களேன்னு விட்டுட்டோம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷ உழைப்பு மேடம்."

"எனக்குப் பாதி ஆயுசே போயிருக்கு. மேகத்தை எடுத்துட்டு, பாதங்களைப் பத்தின அத்தியாயத்தை முன்னால கொண்டு வா. அதுக்கே பட்டம் தரலாம். என்ன சார்?"

துறைத் தலைவர் தலையாட்டினார்.

பேராசிரியை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுத்தர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்க்க, மூட்டுவலிக்கு முனகிக்கொண்டே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுவரில் மூக்கு உரசும்படி குனிந்தார்.

"எந்தக் காலும்மா? காட்டு."