கைகட்டி மிஸ் தொட்டது

பள்ளியில் அவருக்குக் கைகட்டி மிஸ் என்று பெயர். பாடம் என்னவோ கணக்குதான். ஆனால் ரோபோ குழு அவர் தலையில் விழுந்த நாளிலிருந்து, பட்டறையாக மாறிவிட்ட பழைய சாமான் அறைக்குள் நுழைந்ததுமே இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டுவிடுவார். ரோபோ போட்டியின் விதி அப்படி. ரோபோ வண்டியை மாணவர்கள்தான் செய்ய வேண்டும், பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. மற்ற பள்ளிகளில் இந்த விதியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். நம் மிஸ் அப்படியில்லை. சக்கரம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தாலும் "யோசிங்க" என்பாரே தவிர, கட்டிய கை அவிழாது.

வீட்டில் கதை வேறு. கணவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். அவர் துடைத்த மேசையை இன்னொரு முறை துடைப்பார். "அங்க கட்டி வைக்கிற கையை இங்க வந்து அவுத்து விடறே" என்பார் கணவர். பள்ளியில் மிஸ் கையைக் கட்டுவது விதிக்காக மட்டுமல்ல, தன் கையைத் தானே நம்பாததாலும்தான் என்பது அந்த மனிதர் ஒருவருக்குத்தான் தெரியும்.

குழுவுக்கு மிஸ் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வண்டியில் யார் எதைச் சேர்த்தாலும் எல்லார் முன்னாலும் காரணம் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரியாத பொருள் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. யாருடையது என்று கேட்டு, பதில் வராவிட்டால் எடுத்துப் போட்டுவிடலாம். இந்தச் சட்டத்தை மிஸ்ஸைவிடக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியவள் சிக்கு.

சிக்கு என்பதும் பட்டப்பெயர்தான். தலைமுடி எந்நேரமும் சிக்குப் பிடித்துக் கிடக்கும். ஆனால் அவள் போட்ட வயரில் ஒரு சிக்கு பார்க்க முடியாது. வகுப்பில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தரையைப் பார்ப்பாள். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது மட்டும் குரல் வந்துவிடும். "அந்த வயர் கட்டரை எடு. அது இல்ல, சின்னது" என்று குழுத்தலைவியையே அதட்டுவாள். ஒரு பெண் கண்ணெதிரே இப்படி நிமிர்ந்து வருவதைப் பார்ப்பதில் மிஸ்ஸுக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

போட்டிக்குச் சில வாரங்கள் முன்னால் பயிற்சி ஆட்டம் வந்தது. இடம், மிஸ்ஸின் நாத்தனார் வேலை பார்க்கும் பள்ளி. நாத்தனாரும் அங்கே ஒரு குழுவை வைத்திருந்தார். கணவரின் தங்கை, நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"வாங்க அண்ணி. வண்டி தானா ஓடுமா, இல்ல நாங்க வந்து தள்ளணுமா?"

"உங்க வண்டி பின்னாடி வரும்போது பாத்துக்கோ" என்றார் மிஸ். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அந்தப் பேச்சு எங்கோ போய்த் தைத்துவிட்டது.

ஆட்டம் இதுதான்: வண்டி தன் இயந்திரக் கையால் வளையங்களைப் பொறுக்கிக் கம்பத்தில் மாட்ட வேண்டும். காலையில் முதல் சுற்றிலேயே நம் வண்டியின் கை பாதியில் ஒரு கணம் செத்துவிட்டு மறுபடி உயிர் வந்தது. ஓட்டிய பெண் தன் விரல் நழுவியதாக நினைத்துக்கொண்டாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. மிஸ் கவனித்தார்.

மதியம் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே போக, வண்டிக்குக் காவலாக மிஸ் மட்டும் இருந்தார். பார்க்கலாம், பார்ப்பதில் என்ன தப்பு என்று வண்டியைச் சாய்த்தார். கைக்குப் போகும் வயரின் பிளக் அடியில் தளர்ந்து ஆடியது. இதைச் சிக்குவிடம் சொல்லவும் வேண்டியதில்லை. சும்மா விட்டிருந்தாலே பிற்பகல் ஆட்டத்தில் கை செத்திருக்கும், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள். பயிற்சி ஆட்டமே அதற்குத்தான். "இங்க உடையணும், அங்க உடையக் கூடாது" என்று வாய் ஓயாமல் சொன்னவரும் அவர்தான்.

எதிர்மேசையில் நாத்தனார் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் கை பரபரத்தது. பக்கத்து மேசையில் வயர்களை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கிடந்தது. எடுத்தார், பிளக்கைச் சுற்றி இழுத்தார், மிச்ச வாலைக் கத்தரித்தார், வண்டியை நிமிர்த்தினார். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அதன்பின் அன்று நம் வண்டி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. நாத்தனாரின் வண்டியோ சக்கரம் கழன்று, வளையத்தில் சிக்கி, ஒரு முறை சுவரில் போய் முட்டியும் நின்றது. அந்தப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, எது எதனால் உடைந்தது என்று வெட்கப்படாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளும் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எதுவும் உடையலையே மிஸ், என்ன சொல்றது?" என்றாள் சிக்கு. அன்றுதான் முதல் முறையாக எல்லார் முன்னாலும் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல மிஸ்ஸுக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்ற நாள் எவ்வளவு வசதியானது என்பது தப்புச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

போட்டிக்கு முந்தைய வாரம் எடையைக் குறைப்பதற்காக வண்டியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அடியிலிருந்து சிக்குவின் குரல் வந்தது.

"இந்த வெள்ளைப் பட்டை யார் போட்டது? நம்மகிட்ட இருக்கறது எல்லாம் கறுப்புதானே."

தலைவி உதட்டைப் பிதுக்கினாள். ஓட்டுகிற பெண் தலையாட்டினாள். மிஸ் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பயிற்சி ஆட்டத்தின் வெற்றியும், இத்தனை நாள் கட்டிய கையும், வாங்கிய பெயரும் அந்த ஒரு வார்த்தையோடு போய்விடுமே என்று மென்று விழுங்கினார்.

"காரணம் தெரியாதது இருக்கக் கூடாது" என்று சிக்கு மிஸ்ஸின் சட்டத்தையே சொல்லிவிட்டுப் பட்டையில் கட்டரை வைத்து நறுக்கினாள். பட்டை தெறித்து மிஸ்ஸின் செருப்பருகில் விழுந்தது. பிளக்கை அவள் கையால் அழுத்திப் பார்த்தாள். வண்டி அசையாமல் இருக்கும்வரை அது நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும், இடிபட்டால்தான் தளரும்.

போட்டியின் முதல் ஆட்டத்தில் எதிர் வண்டி லேசாக இடித்தது. கை செத்தது. இந்த முறை உயிர் வரவில்லை. வண்டி வளையங்களுக்கு நடுவே சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. காரணம் தேடி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, பிளக்கில் வந்து நின்றபோது மதியமாகிவிட்டது. அதற்குள் வெளியேறும் அளவுக்குத் தோற்றிருந்தார்கள். "வயர்தானா?" என்றாள் தலைவி. அவ்வளவுதான் சொன்னாள். சிக்கு தரையைப் பார்த்தாள்.

நாத்தனாரின் குழு இறுதிச் சுற்று வரை போனது. அவர் ஓடிவந்து மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உங்ககிட்ட அடி வாங்கினதுதான் அண்ணி எங்களைக் காப்பாத்துச்சு. உடைஞ்சது எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்." கேலி ஒரு துளியும் இல்லை. கேலியாக இருந்திருந்தால் மிஸ்ஸுக்குத் தாங்கியிருக்கும்.

போட்டி முடிந்து, விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்த அன்று பட்டறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் சிக்குவே பேசினாள், யாரையும் பார்க்காமல்.

"நான் வயர் வேலைய விட்டுடறேன். வேற யாராவது பாத்துக்கட்டும்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மௌனம்தான் மிஸ்ஸின் வாயைத் திறந்தது. மனசாட்சி என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. மனசாட்சி என்றால் அது வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்தப் பட்டைய நான் போட்டேன்" என்றார் மிஸ். "பயிற்சி ஆட்டத்தன்னைக்கு. நீங்க சாப்பிடப் போனப்ப. பிளக் ஆடுச்சு. நாம தோத்துடக் கூடாதுன்னு... இல்ல, நான் தோத்துடக் கூடாதுன்னு. சிக்கு மேல தப்பே இல்ல."

தலைவி வாயைப் பிளந்து மிஸ்ஸின் கைகளைப் பார்த்தாள். சிக்கு நிமிர்ந்தாள்.

"நான் யார் போட்டதுன்னு கேட்டப்ப நீங்க அங்கதானே மிஸ் நின்னீங்க?"

"நின்னேன்."

"சரி மிஸ்."

திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், வீட்டில் போய்ச் சொல்லி யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அடுத்த நாள் பட்டறைக்கு வந்தாள், வயர் பெட்டியைத் திறந்தாள். தலைவி பக்கத்தில் போய் ஏதோ முணுமுணுத்தாள், மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். வேலை பழையபடி நடந்தது. மிஸ்ஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலத்தான் இருந்தது, அடுத்த பயிற்சி ஆட்டம் வரைக்கும்.

அன்று வண்டியைக் களத்தில் இறக்குமுன் சிக்கு அதைச் சாய்த்து அடிப்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து குழுவில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "நீ எதையாவது தொட்டியா?" தலைவியிடம் கேட்டாள், ஓட்டுகிற பெண்ணிடம் கேட்டாள். கடைசியில் மிஸ்ஸின் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. பிளக்கைச் சரிபார்ப்பது போல இதையும் ஒரு வேலையாகச் செய்தாள்.

"நீங்க எதையாவது தொட்டீங்களா மிஸ்?"

மிஸ் கட்டிய கையை அவிழ்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இல்லம்மா."

சிக்கு தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இப்போது அவள் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் மிஸ் கையை விரிக்கிறார்.