தூங்கப் போட்ட பூட்ஸ்

அந்தக் கழிவு விலைக் கடையில் அவளுக்கு மஞ்சக்கா என்று பெயர். அவள் நிறம் கறுப்புதான். விலை குறைந்த சரக்கில் மஞ்சள் சீட்டு ஒட்டுவது அவள் வேலை, அதனால் வந்த பெயர். இடுப்பில் சீட்டு அடிக்கும் மெஷினோடு அவள் நடந்தால், தேன் கண்ட எறும்பு போலப் பின்னாலேயே நாலு பெண்கள் வருவார்கள்.

கடைக்கு வருகிறவர்களும் கடையில் நிற்கிறவர்களும் ஒரே தெருக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே வித்தை தெரியும். பிடித்த பொருளை வாங்கமாட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் வேறு சாமான்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போவார்கள். விற்காமல் கிடந்தால் கடை குறித்த தேதியில் மஞ்சள் வரும், வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். இதற்குத் "தூங்கப் போடுறது" என்று பெயர். வாளி அடுக்குக்குப் பின்னால் எப்போது பார்த்தாலும் வாணலியோ போர்வையோ தூங்கும். மஞ்சக்கா அதையெல்லாம் எழுப்பி அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். அவள் வைத்ததில்லை. வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வானேன்?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்தவர்களுக்கு அந்தத் தெருவில் பூமி கிடைத்ததில்லை, எப்போதாவது பாதி விலையில் ஒரு வாணலி கிடைக்கும்.

கடையில் வியாபாரம் படுத்தது. மேலாளருக்குப் பெருமூச்சு என்று பட்டப்பெயர், எதைச் சொன்னாலும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் சொல்வார். "சனங்க கையில காசே இல்லம்மா, என்ன பண்றது?" என்று மூச்சு விட்டார். விட்ட கையோடு எல்லாருடைய வேலை நேரத்தையும் பாதியாக வெட்டினார். இனி ஆள் வேண்டும் என்றால் காலையில் போன் வரும், வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியது. நுனிக் கிளையில் உட்கார்ந்து அடிக் கிளையை வெட்டுகிற வேலை இது. அந்த வாரம் கடையில் வேலை செய்த பெண்கள்கூடக் கடையில் சோப்பு வாங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மஞ்சக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் மூட்டை தள்ளும் வேலை வந்தது, தினக்கூலிதான். ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டு வர வேண்டும், அதை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். கடையில் அவர் அளவுக்கு ஒரே ஜோடி இருந்தது. விலையைப் பார்த்தாள். அந்த வாரம் அவளுக்கு வரப்போகும் சம்பளம் அதற்குப் போதாது. அடுத்தவர்களைப் போல அவளும் அதை வாளிக்குப் பின்னால் தூங்கப் போட்டாள்.

"ஏங்க, இன்னும் ஒரு வாரம் பொறுங்க. மஞ்சள் வந்துடும்."

"ஒரு வாரம் போனா வேற ஆள் வந்துடுவான். எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? கறுப்பா இருந்தா போதாதா?" என்று அவர் பழைய துணி ஷூவை எடுத்துக் கறுப்பு பாலிஷை அப்பினார். "பாரு, மாப்பிள்ளை ஷூ மாதிரி இருக்கு!"

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

நாலாம் நாள் சரக்கு வண்டியின் சக்கரம் அவர் வலது காலில் ஏறியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஏஜெண்ட் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தான், நல்லவன்தான். "பூட்ஸ் போடாம வந்தது உங்க தப்பு அக்கா. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?" என்று சொல்லிவிட்டுப் போனான். இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது.

அடுத்த முறை போன் வந்து வேலைக்குப் போனதும், வாளிக்குப் பின்னால் கைவிட்டு அந்த பூட்ஸை எடுத்தாள். மஞ்சளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வீட்டில் இனி அது யாருக்கும் வேண்டாம். எல்லார் கண்ணிலும் படும்படி முன் தட்டில் வைத்தாள்.

மத்தியானம் ஒரு இளம்பெண் வந்தாள், எதிர்வீட்டுக்குக் குடிவந்தவள். பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள், முனையைத் தட்டிப் பார்த்தாள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாளி அடுக்கை நோக்கி நடந்தாள்.

மஞ்சக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "யாருக்கும்மா இது?"

"எங்க வீட்டுக்காரருக்குக்கா. கிடங்கு வேலை."

"தூங்கப் போடாதே. இன்னிக்கே வாங்கிட்டுப் போ."

"அட, என்னக்கா நீங்க! முதலாளி ஏதும் கமிஷன் தர்றாரா?" அந்தப் பெண் சிரித்தாள். "சனிக்கிழமைதான் கூலி."

என் வீட்டுக்காரர் காலைப் போய்ப் பார் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு மெஷினை எடுத்தாள். தேதிக்கு முன்னால் மஞ்சள் ஒட்டினால் மெஷின் கையை விட்டுப் போகும், அப்புறம் போனும் வராது. பெருமூச்சு எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், சீட்டை அடித்து பூட்ஸின் நெற்றியில் ஒட்டினாள்.

"இந்தா, பாதி விலை. எடுத்துட்டுப் போ தாயி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. மஞ்சள் சீட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வேளை, முழு விலைக்கு வாங்கல! இன்னும் கொஞ்ச நாள் போனா இன்னும் இறங்கும்லக்கா?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. குனிந்து, பூட்ஸை வாளிக்குப் பின்னால் நன்றாக உள்ளே தள்ளினாள்.