கேள்விக்காரியின் இடுப்புப் படம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பட்டப்பெயர். ஸ்கேன் எடுக்க வரும் பெண்களைத் துளைத்தெடுத்துவிடுவாள். இடுப்பு மூட்டுப் படம் என்றால், "பிள்ளை பெத்து எத்தனை மாசமாச்சு?" என்று கேட்காமல் மெஷினைத் தொடமாட்டாள். பிரசவத்தில் நொந்த மூட்டு மாதக்கணக்கில் படத்தில் வெள்ளையாகத் தெரியும். வாதநோயும் அச்சு அசல் அப்படித்தான் தெரியும். அதனால், வந்த பதிலை உள்ளறையில் படம் பார்க்கும் டாக்டரம்மாவுக்குக் குரல் கொடுத்துச் சொல்லிவிடுவாள்.

இருவரும் அப்படியொரு ஒட்டு. மதியச் சாப்பாடு ஒரே டப்பாவில். பேச்சு 'அக்கா', 'அடியே' என்றுதான். கேள்விக்காரிக்கு மகள் பிறந்தபோது முதலில் தூக்கிக் கொஞ்சியதும் அக்காதான்.

மகளுக்கு ஐந்து மாதமானபோது இவளுக்கே இடுப்புவலி உயிர் போனது. மெஷினுக்குள் இவளே படுத்துக்கொண்டாள். கேட்க வேண்டியவள் உள்ளே கிடந்தால் கேள்வியை யார் கேட்பது? ஒருவரும் கேட்கவில்லை. அக்கா வாதம் என்று எழுதினாள். அக்கா எல்லாம் யோசித்துத்தான் எழுதியிருப்பாள் என்று இவளும் இருந்துவிட்டாள். அதை நம்பிய மூட்டு டாக்டர், மருந்து கடுமையானது, தாய்ப்பாலை நிறுத்து என்றார்.

பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா! அது கதற, இவள் பால் கட்டிய மார்போடு அடுத்த அறையில் அழுவாள். அக்கா வந்து தோளைத் தட்டி, "முதல்ல உன் உடம்பைப் பாருடி" என்பாள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வாந்தி. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் படத்தோடு போனாள். அங்கிருந்த டாக்டர் எடுத்த எடுப்பிலேயே, "பிள்ளை பெத்து எத்தனை மாசமாச்சும்மா?" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தத்தையும் சோதித்துவிட்டு, "இது வாதமே இல்லம்மா. பிரசவ நோவு, தானா ஆறிடும்" என்றார்.

நேரே உள்ளறைக்கு வந்தாள். "அக்கா, என் படத்துல..."

அக்காவின் முகம் வெளிறியது. "தெரியும்டி. அடுத்த வாரமே எனக்குப் பொறி தட்டுச்சு. நீ குரல் குடுக்காததால அன்னிக்கு யோசிக்காம எழுதிட்டேன். வெளிய சொன்னா என் பேரு கெட்டுடுமேன்னு..."

"நான் பால் கட்டி அழுதப்போ பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, அப்பவும் தெரியுமா?"

அக்கா குனிந்தபடி, "ம்" என்றாள். அடிப்பாவி! தப்பாக எழுதியதைக்கூட இவள் மன்னித்திருப்பாள். தெரிந்தே தோளைத் தட்டியதை எப்படி மன்னிப்பது?

வீட்டில் மகளை மார்போடு அணைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்புட்டிக்குக் கை நீட்டியது.

மறுநாள் ஒரு பெண் இடுப்புப் படத்துக்கு வந்தாள். கேள்விக்காரி வழக்கம்போலக் கேட்டுவிட்டு உள்ளறைக்குக் குரல் கொடுத்தாள்.

"நாலு மாசம், டாக்டர்."