கண்டக்டர் கொடுத்த பச்சை டோக்கன்

மகளுக்குப் பெண் பிறந்த சேதி கேட்டதும் சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒதியம்பட்டில் பஸ் ஏறிவிட்டேன். படிக்காதவள் நான், பஸ்ஸை நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். கண்டக்டர் தொப்பைக்காரர். காதில் செருகிய பேனாவை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பையில் காசே இல்லை. எங்கள் மளிகைக் கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாகத் தரும் தகர டோக்கன்கள்தான் கிடந்தன. ஊருக்குள் பூக்காரிகூட வாங்கிக்கொள்வாள். பஸ்ஸில் செல்லுமா? இறக்கிவிட்டால் குழந்தையை எப்படிப் பார்ப்பேன்?

"இன்னா ஆயா இது, சட்டை பொத்தானா?"

"மளிகைக் கடை டோக்கன்பா. ஆஸ்பத்திரிக்குப் போவணும். பேத்தி பொறந்திருக்கா."

பேனாவைத் தொட்டார். "குடு. எங்கூட்டுக்காரி அந்தக் கடையிலதான் அரிசி வாங்குறா."

எனக்கு உயிர் வந்தது. மீதிக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் டோக்கனை நீட்டினார்.

"ஆஸ்பத்திரி எதிர்ல டீக்கடையில குடு ஆயா. சில்லறைக்கு நா எங்க போவேன்?"

பேத்தியைக் கொஞ்சிவிட்டு வந்து டீக்கடையில் பச்சை டோக்கனை நீட்டினேன். டீக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் டீ கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

அந்தத் தகர டோக்கனைக் கண்டக்டர் மனைவி அரிசிக்குக் கொடுத்திருப்பாள். இன்று மளிகைக் கடைக்காரர் மறுபடி சில்லறைக்குத் தந்து என் பையில் கிடப்பது அதுவாகக்கூட இருக்கலாம்.