ராசியான கம்பளி

எங்கள் ஊரில் பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கென்றே ஒரு கம்பளி உண்டு. கொல்லிமலைக் குளிருக்குப் பயந்து எப்போதோ யாரோ வாங்கியது. ஒரு வீட்டுக் குழந்தை வளர்ந்ததும் அடுத்த பிரசவ வீட்டுக்குப் போய்விடும். ராசியான கம்பளி என்பார்கள். போன சித்திரையில் அது என்னிடம் வந்தது.

மகள் பிறந்து இருபது நாள். தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னலையும் சாத்தி, அவளைக் கம்பளியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தேன். அன்று காலையிலிருந்தே பால் குடிக்கவில்லை. உச்சிவெயிலில் அழுகையும் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

"ஏனுங்க, வண்டிய எடுங்க!" என்று கணவரிடம் கத்தினேன். காற்று பட்டுவிடுமே என்று கம்பளிக்கு மேல் முந்தானையையும் போர்த்தினேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வளைவுக்கு வளைவு அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அவர் திரும்பாமலே, "மூச்சு இருக்குதா?" என்றார்.

"பேசாம ஓட்டுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கம்பளியைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"ஏன் கண்ணு, புள்ளைய வேக வெக்கிறயா?"

"குளிருக்குத்தானுங்க" என்றேன். என் தாடையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வேண்டாத சாமி இல்லை. வெகுநேரம் கழித்து அவள் முகத்தைச் சுளித்து வீறிட்டாள், பிறகு பால் குடித்தாள். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். பூமி சூடாகிறது என்று டிவியில் சொன்னபோதெல்லாம், அது மலைக்குக் கீழே இருப்பவர்கள் பாடு என்று சேனலை மாற்றியவள் நான். எங்களுக்குக் காரில்லை, ஏசியில்லை. ஊரெல்லாம் எரித்த புகைக்கு என் பிள்ளையா பதில் சொல்ல வேண்டும்? அந்தப் புகையைக் குறைக்க வேண்டியவர்கள் இன்னும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தப் பங்குனியில் பக்கத்து வீட்டுப் பெண் பெரிய வயிற்றோடு கம்பளி கேட்டு வந்தாள். தர மாட்டேன் என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஒரு கம்பளிக்கா இப்படி, அக்கா? எல்லாப் புள்ளையும் இதுலதானுங்களே வளந்துச்சு. குளிருக்கு நான் எதுல சுத்தறது?"

கேட்டுக்கொண்டே முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அந்தக் கையைப் பிடித்து, நனைந்த முந்தானையை அவளிடமே காட்டினேன்.

"இது குளிரா, சாமி?"

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக வயிற்றில் கை வைத்தாள்.

"அக்கா, எனக்கும் நாள் சித்திரையிலதானுங்க" என்றாள்.