பட்டியலில் இல்லாத டிஷ்

குன்னூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். செல்போன் கோபுரம் எட்டாத எஸ்டேட்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக இணையம் கொடுப்பது எங்கள் தொழில். கூரையேறி டிஷ் மாட்ட ஆட்கள் உண்டு. அதற்கு அரசாங்க அனுமதி வாங்குவது என் வேலை. நிறுவனத்துக்கு உரிமம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு டிஷ்ஷும் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். இடம் மாற்றுவதானால் மாற்றுவதற்கு முன்பே மனு போட வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் தவறினேன்.

சேரம்பாடிக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அதன் கூரையில் இருந்த எங்கள் டிஷ்ஷைக் கழற்றிவர நானும் டெக்னீஷியனும் ஜீப்பில் போனோம். எஸ்டேட் டிஸ்பென்சரியின் நர்ஸ் எங்களைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள்.

“தங்கச்சி, இத கொண்டுபோயி குடோன்லதானே போடப்போறீங்க? என்னோட டிஸ்பென்சரிக்குக் குடுங்க. இங்க டாக்டர் கெடையாது. போன் பேசணும்னா மேட்டுக்கு ஏறணும்.”

நானும் அந்த மேட்டுக்கு ஏறித்தான் முதலாளிக்குப் போன் செய்தேன். “சரி, வச்சுக் குடுத்துட்டு வாங்க. பேப்பரெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்” என்றார்.

ஃபேக்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கே நின்றிருந்தார். வேலை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. டிஷ்ஷைச் சாக்கில் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தார்.

“உங்களுக்கெதுக்குங்க இந்தச் சிரமம்?” என்றேன்.

“ஊட்டுல உக்காந்துட்டு மட்டும் என்னங்க பண்ணப்போறேன்?” என்று சிரித்தார்.

அந்த டிஷ் வந்தபின் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு டாக்டர் தினமும் காலையில் திரையில் வந்தார். அவசரம் என்றால் எந்நேரமும் அழைக்கலாம். ஒருமுறை நெஞ்சுவலி என்று வந்த வாட்ச்மேனின் ஈசிஜி தாளை நர்ஸ் கேமரா முன் பிடித்துக் காட்ட, டாக்டர் உடனே ஜீப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். ஆள் பிழைத்துக்கொண்டார். நர்ஸ் போன் செய்து சொன்னபோது எனக்கு அவ்வளவு பெருமை. இடமாற்ற மனுவை மட்டும் எழுதவில்லை. இன்று நாளை என்று இரண்டு வருடம் போய்விட்டது.

உரிமத்தைப் புதுப்பிக்கும் வேளை வந்தது. சரிபார்க்க வந்த அதிகாரி டிஸ்பென்சரிக் கூரையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“பட்டியல்ல இருக்கற எடத்துல டிஷ் இல்ல. டிஷ் இருக்கற எடம் பட்டியல்ல இல்ல. நான் என்னன்னு எழுதறது, மேடம்?”

அவர் கோபப்படவில்லை. பக்கத்திலேயே காடு, மாநில எல்லை. எந்த டிஷ் எங்கிருந்து பேசுகிறது என்று தெரியாமல் விட முடியாது என்றார். அதில் நியாயம் இருந்தது. மற்ற இடங்களுக்கெல்லாம் அனுமதி கிடைத்தது. இந்த ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள்.

நிறுத்துவதற்கு நானே போனேன். நர்ஸ் கேட்டது ஒன்றுதான்: “எத்தன நாளைக்கு?”

“பதினஞ்சு நாள்ங்கக்கா. நானே வந்து போட்டுவிடறேன்.”

பதினைந்து நாள் மூன்று மாதமானது. பழைய இடத்தின் உரிமையாளரிடம் கடிதம் வேண்டும் என்றார்கள். ஃபேக்டரியோ அதற்குள் வழக்காகிக் கோர்ட்டுக்குப் போயிருந்தது; கையெழுத்துப் போட ஆளில்லை. நான் ஒரு பதில் அனுப்பினால் இன்னொரு கேள்வி வந்தது. அதற்குள் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது.

ஜூலையில் ஒரு காலை, பாய்லர் பார்த்தவர் டிஸ்பென்சரிக்கு நடந்தே வந்திருக்கிறார். அப்போது அவர் அதே எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். நெஞ்சு எரிகிறது என்றிருக்கிறார். நர்ஸ் ஈசிஜி எடுத்தார். கோடுகளில் ஏதோ சரியில்லை என்று பட்டது, உறுதியாகத் தெரியவில்லை. டாக்டரிடம் போனில் பேச ஒரு பெண்ணை மேட்டுக்கு அனுப்பினார். மழையில் அங்கேயும் சிக்னல் இல்லை. வாய்வு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார். பதினொரு மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஜீப்பில் ஏற்றினார்கள். வழியில் மரம் விழுந்து கிடந்தது. பந்தலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போனேன்.

“நான்தானே வாய்வுன்னு மாத்திர குடுத்தேன், தங்கச்சி” என்றார் நர்ஸ். அதையே மூன்று முறை சொன்னார்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இறந்தவரின் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

“டிஷ் குடுத்தவங்கதானே நீங்க? மழ பேஞ்சா அதுல பாசி புடிச்சுக்கும்னு ஏறித் தொடச்சுட்டு வருவாருங்க. ஓடலைன்னு தெரிஞ்சும் போனாரு.”

சொல்லாமல் திரும்பிவிட முடியவில்லை. “ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே நான் ஒரு மனு போட்டிருக்கோணுமுங்க. போட்டிருந்தா அன்னைக்கு அது ஓடியிருக்கும். போடாம உட்டுட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “ஒரு காயிதமுங்களா?”

“ஆமாங்க.”

எழுந்து உள்ளே போனார். திரும்ப வரவில்லை. சற்றுப் பொறுத்துப் பக்கத்து வீட்டுப் பெண், “நீங்க கெளம்புங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

செப்டம்பரில் அனுமதி வந்தது. பாய்லர் பார்த்தவரின் மனைவி அதற்குள் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, திருப்பூரில் மில் வேலைக்குப் போன மகளிடம் போய்விட்டார். நானே போய் டிஷ்ஷை ஓடவிட்டதும் கோயம்புத்தூர் டாக்டர் திரையில் வந்தார். நர்ஸ் அவருக்கு வணக்கம் கூடச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஈசிஜி தாளை எடுத்துக் கேமரா முன் பிடித்தார்.

டாக்டர் முன்னால் குனிந்து பார்த்தார். “சிஸ்டர், இது ஹார்ட் அட்டாக். லேட் பண்ணாதீங்க, உடனே கீழ அனுப்புங்க. பேஷன்ட் எங்க?”

நர்ஸ் தாளை இறக்கினார். “இது ஜூலையில எடுத்தது, டாக்டர்.”

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வெளியே பெஞ்சில் காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒரு தாய் காத்திருந்தார். நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டார். நான் எழுந்து அந்தத் தாய்க்கு நாற்காலியை விட்டேன்.