விரதத்துக்காக விட்ட கேப்சூல்

எங்கள் ஊர் பாலோ ஸ்டேஷன் பக்கம் இரண்டாவது தண்டவாளம் போட லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருந்தார்களே, அந்த வருஷம். வாசலில் துணி காயப்போட்டால் சிவப்பாகிவிடும். அப்போதுதான் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். நல்லபடி முடிந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். முடிந்தது.

ஆனால் குடம் தூக்கி நடக்க முட்டி விடவில்லை. தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டித் தேய்ந்த முட்டி. அந்தக் காலத்தில் ஒரு குலை என்ன கனம் கனக்கும்... சரி, அது வேறு கதை. கிளினிக்கில் இரண்டு மருந்து கொடுத்தார்கள். வலிக்கு ஒரு மாத்திரை, வயிற்றைக் காக்க ஒரு கேப்சூல்.

விரதம் தொடங்கிய அன்று கோப்பிக் கடையில் என் கூட்டாளி அந்தக் கேப்சூலைப் பார்த்துவிட்டான்.

“இதோட கூடு மாட்டு எலும்புல செய்றதுலா. கவுச்சிய விட்டுட்டேன்னு சொல்லிட்டு இத முழுங்குறியா?”

கேப்சூலை நிறுத்தினேன். வலி மாத்திரையை நிறுத்தவில்லை. ஒரு வேளைதான் சாப்பாடு என்பதால், காலையில் வெறும் வயிற்றில் கறுப்புக் கோப்பியோடு அதை விழுங்குவேன். இரண்டாம் வாரம் மலம் ரோட்டுத் தார் மாதிரி போனது. கோப்பியால் என்று நினைத்துக்கொண்டேன். பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது குளியலறை வாசலில் மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, வாய்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். அதில் கசிந்த இரத்தம்தான் தார் மாதிரி போயிருக்கிறது. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசிருக்கும்.

“வயித்து உள்தோலு ரத்த ஓட்டத்தாலதான் தாக்குப்பிடிக்குது அங்கிள். வலிய கௌப்புற ஒரு சத்து ஒடம்புல இருக்கு. அதுதான் வயித்துல ரத்தத்தயும் ஓட வைக்குது. மாத்திர அத அடக்குனா வலி கொறையும், அங்க ரத்தமும் கொறையும். அப்புறம் வயித்துப் புளிப்பு தோல அரிச்சிடும். கேப்சூல் அந்தப் புளிப்ப கொறைக்கும். ரத்த ஓட்டத்த காக்குற மாத்திரையும் தனியா இருக்கு.”

“மாட்டு எலும்புன்னு சொன்னாங்கம்மா.”

“கேட்டிருந்தா கூடு இல்லாத மாத்திரையா குடுத்திருப்போம்ல.”

கட்டில் பக்கத்தில் நின்ற மனைவி, “என் கண்ண தெறந்து வச்சிட்டு, உங்க கண்ண மூடப் பாத்தீங்க” என்றாள்.

அந்த வருஷம் பால்குடம் இல்லை. புண் ஆறியது. முட்டிக்கு இப்போது தடவுகிற மருந்தும், காலை நீட்டி மடக்கும் பயிற்சியும்தான். அடுத்த பூசத்தில் பால்குடம் எடுத்து, கடைசி ஆளாக, சொந்தக் காலில் நடந்து முடித்தேன். மேடு பள்ளத்தை எல்லாம் மனைவிதான் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வலி மாத்திரையோடு விரதம் இருந்தால் சொல்லிவிடுங்கள். எதை விடுவது என்று கோப்பிக் கடையில் கேட்க வேண்டாம், டாக்டரிடம் கேட்கட்டும்.